மட்குதலையும் அழுகுதலையும் வகுப்பறையில் சோதித்துப் பார்த்தல்: முழுமையான வழிகாட்டி

10 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களோடு வகுப்பறையிலேயே செய்யத்தக்க நான்கு சோதனைகளை இந்த வழிகாட்டி விளக்குகிறது. பொருள்களைப் புதைத்து வைத்துத் தோண்டிப் பார்ப்பது, வாழைப்பழத்தை ஈஸ்ட் குழைத்துவிடுவதைக் காண்பது, ஈர ரொட்டியில் பூஞ்சை படர்வதை அளப்பது, மண்ணிலுள்ள உயிர்களின் மூச்சைச் சுண்ணாம்பு நீரால் கண்டறிவது ஆகியவையே அவை.

புதிதாக இவற்றைச் செய்பவர்கள், பூஞ்சை வருமா என்றே கவலைப்படுகிறார்கள். அது எப்படியும் வந்துவிடும். வந்த பூஞ்சை எதைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாமல் போவதுதான் வழக்கமான தோல்வி. ஆகவே கீழுள்ள படிகளில் பாதிக்கு மேல், எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பற்றியே இருக்கும்.

1. நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்குதல்

நான்கு சோதனைகளும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. புதைக்கும் சோதனைக்கு 8 வாரங்கள் தேவை. ரொட்டிக்கு ஏறத்தாழ 10 நாட்கள். ஈஸ்டுக்கு இரண்டு நாட்கள். சுண்ணாம்பு நீருக்கு ஒரே ஒரு நாள். பாடத்தில் கடைசியாகப் பேசப்போகும் சோதனையை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும் என்பது இதனால்தான். புதைத்துவிட்டு, அதே வாரத்தில் ஈஸ்டையும், அடுத்த வாரத்தில் ரொட்டியையும், நான்காம் வாரத்தில் இரண்டாம் தோண்டலை ஒட்டிச் சுண்ணாம்பு நீரையும் வைத்துக்கொண்டால், எடுத்துப் பார்க்க ஏதாவது ஒன்று எப்போதும் கையில் இருக்கும்.

ரொட்டிச் சோதனையை வார விடுமுறைக்கு முந்தைய நாளில் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் நடப்பதில்லை. வாரத்தின் முதல் நாளில் தொடங்கினால், மாணவர்கள் "மாற்றமில்லை" என்று எழுதி எழுதிச் சலித்துப்போவார்கள். வேகமாகப் படரும் நாட்களோ விடுமுறையில் கழிந்துவிடும்.

2. வகுப்பறைக்குள் வரக்கூடாதவை

இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள்கள், விலங்குகளின் கழிவு ஆகிய எதையும் பயன்படுத்த வேண்டாம். அழுகும்போது இவை நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களை வளர்க்கக்கூடியவை. தாவரப் பொருள்களை வைத்தே சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடலாம்.

கழுவிய கையால் ஒரு ரொட்டியையும் கழுவாத கையால் இன்னொரு ரொட்டியையும் தொட்டு வைக்கும் சோதனை பரவலாகச் செய்யப்படுகிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ரொட்டியில் வளரும் பூஞ்சையின் வித்துகள் பெரும்பாலும் காற்றிலிருந்தும் மேசையிலிருந்தும் வந்து படிபவை. கழுவிய கை தொட்ட துண்டில் முதலில் பூஞ்சை பூத்து, ஆசிரியர் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். கைகளிலிருந்து வரும் பாக்டீரியாக்களை வேண்டுமென்றே வளர்ப்பதும் நல்லதல்ல.

ஆஸ்துமா, பூஞ்சை ஒவ்வாமை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை உள்ள மாணவர்கள் இருக்கிறார்களா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்குமான விதி ஒன்று உண்டு: மூடி ஒட்டிய பையை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பூஞ்சை படிந்த ரொட்டியை ஒரு முறை அசைத்தாலே ஏராளமான வித்துகள் காற்றில் பறக்கும்.

3. சேர்த்து வைக்க வேண்டிய பொருள்கள்

ஒளி ஊடுருவும் பெரிய ஜிப் பைகள், ஒட்டு நாடா, சொட்டுக் குழாய், 0.1 கிராம் வரை காட்டும் எடைக்கருவி, வெப்பமானி, 1 சென்டிமீட்டர் கட்டங்கள் வரையப்பட்ட கண்ணாடித்தாள், நைலான் வலைத்துணி, அகன்ற வாயும் இறுக்கமான மூடியும் கொண்ட மூன்று ஒரே அளவுக் கண்ணாடிக் குடுவைகள், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. ஒரே பொட்டலத்து ரொட்டி, ஒரே வாழைப்பழம், ஒரே இடத்து மண் என்று வாங்கும்போதே ஒருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பொட்டலங்களிலிருந்து துண்டுகளை எடுத்தால், வேறுபாட்டுக்குக் காரணம் சூழலா பொட்டலமா என்ற கேள்விக்குப் பிறகு விடை கிடைக்காது.

ரொட்டிப் பொட்டலத்தின் மேலுள்ள பட்டியலைப் படித்துப் பாருங்கள். கால்சியம் புரோப்பியோனேட் போன்ற பூஞ்சைத் தடுப்புப் பொருள் சேர்த்திருந்தால் பூஞ்சை பல நாட்கள் தாமதமாகும்.

4. சொற்களை முதலில் பிரித்துக்கொள்ளுதல்

எதையும் பைக்குள் போடுவதற்கு முன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். ஓர் ஆப்பிளை வெட்டி மேசைமேல் வைத்தால் சற்று நேரத்தில் பழுப்பேறும்; மாணவர்கள் அனைவரும் "அழுகத் தொடங்கிவிட்டது" என்பார்கள். உண்மையில் அது பழத்திலேயே உள்ள நொதி ஒன்று, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு நடத்தும் வேதிமாற்றம்; நுண்ணுயிருக்கு அதில் பங்கில்லை. இன்னொரு துண்டில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி வைத்தால் பழுப்பேறுவது தாமதமாவதை அங்கேயே காட்டிவிடலாம்.

நல்வாய்ப்பாக, தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நீர் வற்றினால் உலர்தல். நொதிகளால் நிறம் மாறினால் பழுப்பேறுதல். சர்க்கரையோ மாவோ நுண்ணுயிர்களால் மாறி நுரைத்தால் புளித்தல். மேலே இழை படர்ந்தால் பூஞ்சை பூத்தல். ஈரச் சதை குழைந்து நாறினால் அழுகுதல். துணி வலுவிழந்து இழுத்ததும் கிழிந்தால் இற்றுப்போதல். இலை நொறுங்கி மண்ணோடு மண்ணானால் மட்குதல். இந்த ஏழையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, சோதனைகள் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். "கெட்டுப்போச்சு" என்று பதிவேட்டில் எழுதுவதற்கு மட்டும் தடை விதியுங்கள். அந்த ஒரு சொல் மேற்சொன்ன அனைத்தையும் விழுங்கிவிடும்.

5. புதைத்துத் தோண்டும் சோதனை

உலர்ந்த இலை, செய்தித்தாள், முழுப் பருத்தித் துணி, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி, பாலித்தீன் தாள், அலுமினியத் தாள் ஆகியவற்றை 5 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். இலையை வெட்டாமல் முழுதாகவே வைக்கலாம். இரண்டு நாட்கள் உலரவைத்து, எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை மிகச் சிறியது என்பதால் ஒவ்வொரு வகையிலும் பத்துத் துண்டுகளைச் சேர்த்து ஒரே கட்டாக எடை பார்ப்பதே நம்பத்தக்கது.

கட்டு ஒவ்வொன்றையும் தனித்தனி வலைப்பைக்குள், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்ளாதபடி பரப்பி வையுங்கள். நடுவிலுள்ள துண்டில் மண் படாவிட்டால் மாற்றமும் பிந்தும். வலைப்பை இல்லாமல் புதைத்தால், மட்கிய துண்டுக்கும் மண்ணில் தொலைந்துபோன துண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அடையாளச் சீட்டு எதனால் ஆனது என்பதைக் கவனியுங்கள். நான் முதல்முறை செய்தபோது தடித்த காகிதத்தில் பெயரெழுதிக் கட்டிப் புதைத்தேன். நான்கு வாரம் கழித்துத் தோண்டியபோது, வகுப்பின் சோதனைப் பொருள்களைவிட என் சீட்டுகளே நன்றாக மட்கியிருந்தன. எது எவருடையது என்று தெரியாமல் பதினெட்டுப் பைகளையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் பட்டையில் கீறி எழுதி, நைலான் நூலால் கட்டி, நூலின் மறுமுனை மண்ணுக்கு மேலே தெரியும்படி விடுங்கள்.

மண் நிரப்பிய, அடித்துளையுள்ள சட்டியில் புதையுங்கள்; ஆழம் 8 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதற்கு மேலே வைத்தால் மண் விரைவில் காய்ந்துவிடும்; மிகவும் கீழே போனால் காற்றோட்டம் குறையும். மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. இந்த ஈரத்தை வாரந்தோறும் பார்த்துச் சரிசெய்யுங்கள். பூச்சட்டிக்கென்று விற்கும் கலவையைவிடச் செடிகள் வளரும் தோட்டத்து மண்ணே மேல். முன்னது சில நேரங்களில் வெப்பத்தால் தூய்மைப்படுத்தப்பட்டதாக இருக்கும்.

புதைத்ததைத் தோண்டிப் பார்த்துவிட்டு மீண்டும் புதைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. ஒவ்வொரு முறையும் ஈரமும் காற்றும் மாறுகின்றன. மெல்லிய பூஞ்சை இழைகள் அறுந்துபோகின்றன. இதைத் தவிர்க்க மூன்று தொகுதிகளைப் புதையுங்கள்: ஒன்றை 2 வாரத்திலும், இன்னொன்றை 4 வாரத்திலும், கடைசியை 8 வாரத்திலும் எடுங்கள். எடுத்தது எதுவும் திரும்ப மண்ணுக்குள் போகக்கூடாது. நான்காவது தொகுதி ஒன்றை ஈரமில்லாமல் உறையிலிட்டு அலமாரியில் வையுங்கள். அதுதான் ஒப்பீட்டு மாதிரி; இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் துணி எந்த நிறத்தில் இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

தோண்டியெடுத்ததை உடனே எடை போட்டால் எடை கூடியிருக்கும். ஒட்டிய மண்ணும் ஊறிய நீருமே காரணம். தட்டில் நீர்விட்டு மெல்ல அலசி, எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்திய பிறகே எடை பாருங்கள். துணியை எடை பார்ப்பதோடு இரு விரலால் இழுத்தும் பாருங்கள். எடை அதிகம் குறையாத நிலையிலேயே பருத்தி இற்றுப்போய்க் கையோடு வந்துவிடும். கலப்புத் துணியில் இன்னும் வியப்பான காட்சி கிடைக்கலாம்: பருத்தி இழைகள் போன இடத்தில் பாலியெஸ்டர் இழைகள் மட்டும் சல்லடைபோல் நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை அன்றைக்கு மறக்காமல் எடுத்து வையுங்கள்.

"மட்கும் பிளாஸ்டிக்" என்று அச்சிட்ட பையையும் சேர்த்துப் புதைக்க மாணவர்கள் விரும்புவார்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக்) போன்ற வகைகள் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமுள்ள பெரிய உரக்குவியல்களில் மட்கத்தக்கவை. சாதாரண மண்ணில் 8 வாரத்துக்குப் பிறகும் அது அப்படியே இருந்தால் சோதனை பிழைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

6. வாழைப்பழமும் ஈஸ்டும்

உலர் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டியை இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கலக்குங்கள். இன்னோர் அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் கலந்து ஆறவிடுங்கள். மூன்றாவது கோப்பையில் வெறும் நீர். ஒரே பழத்திலிருந்து ஒரே தடிமனில் மூன்று வில்லைகள் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோப்பை நீரை ஊற்றி, மூன்று பெரிய பைகளில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். 25 முதல் 30 டிகிரி வரை வெப்பமுள்ள இடத்தில் வைத்தால், உயிருள்ள ஈஸ்ட் இருக்கும் பை ஓரிரு நாட்களில் உப்பி, வில்லை குழைந்துவிடும்.

கொதிநீர்ப் பை எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஈஸ்ட் தூவிய வில்லையையும் தூவாத வில்லையையும் மட்டும் ஒப்பிட்டால், தூள் ஒன்றைப் போட்டதாலேயே பழம் நீர்விட்டது என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். அவருக்கு நம்மிடம் பதிலிருக்காது. இறந்த ஈஸ்ட் உள்ள பை உப்பாமல் இருப்பதுதான், வேலை செய்தது தூள் அல்ல, உயிர் என்பதற்குச் சான்று. உப்புவதற்குக் காரணம், சர்க்கரையை ஈஸ்ட் மாற்றும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடு. சிறிய பையை எடுத்தால் வெடித்து வாயைப் பிளந்துவிடும். கண்ணாடிச் சீசாவில் இதை ஒருபோதும் மூடி வைக்கக்கூடாது.

மூன்று வில்லைகளுமே பழுப்பேறும். நிறத்தைப் பார்க்காமல் பையின் உப்பலையும் வில்லையின் விளிம்பையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

7. ரொட்டியில் பூஞ்சை

ஒன்பது துண்டுகளை அரை மணி நேரம் திறந்த தட்டில் வையுங்கள். காற்றிலுள்ள வித்துகள் படிவதற்கு அந்த நேரம் போதும். பிறகு மூன்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்றில் தலா 20 சொட்டு நீர் விட்டு அலமாரியில் வையுங்கள். அடுத்த மூன்றை நீர் விடாமல், நன்றாக உலர்த்தி அதே அலமாரியில் வையுங்கள். கடைசி மூன்றில் 20 சொட்டு நீர் விட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். 20 சொட்டு என்பது ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். அள்ளித் தெளித்தால் ரொட்டி நனைந்து கூழாகி, பூஞ்சைக்குப் பதிலாகப் பாக்டீரியாக்களின் வழவழப்பு வந்து சேரும்.

ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு துண்டு போதாதா என்றால், போதாது. ஒரு துண்டில் வித்துகள் தற்செயலாகக் குறைவாக விழுந்திருக்கலாம். மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் முடிவைப் பேச முடியும்.

இங்கே நுட்பமான ஒரு பொறி உண்டு. குளிர்பெட்டிக்குள் இருட்டு, அலமாரியைத் திறந்தே வைத்திருந்தால் வெளிச்சம். அப்போது குளிரால் தாமதமானதா, இருட்டால் தாமதமானதா என்று பிரிக்க முடியாது. அலமாரிப் பைகளையும் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் இரண்டு இடமும் இருட்டாகிவிடும். வெப்பநிலை மட்டுமே வேறுபடும். "வெயிலில் ஒன்று" என்று சன்னலோரம் வைப்பதும் இதே பிழைதான். அங்கே வெளிச்சம், வெப்பம், உலர்வு மூன்றும் சேர்ந்து மாறுகின்றன.

பையின் வாயை மூடி, மேலே ஒட்டு நாடாவும் ஒட்டுங்கள். மூன்றாம் நாள் முதல் கட்டம்போட்ட கண்ணாடித்தாளைப் பையின்மேல் வைத்து, பாதிக்கு மேல் பூஞ்சை மூடிய கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். முதலில் வெள்ளைப் பஞ்சுபோல இழை வரும். ஓரிரு நாளில் அதன்மேல் கரும்புள்ளிகளோ நீலப்பச்சைத் தூளோ தோன்றும். வெள்ளை இழை உண்ணும் பகுதி. நிறமுள்ள தூள் வித்துகள். நிறத்தை மட்டும் தேடுபவர்கள் வெள்ளை நிலையைத் தவறவிட்டு, தொடக்க நாளை இரண்டு நாள் தள்ளி எழுதிவிடுகிறார்கள். பையின் உட்புறம் நீராவி படிந்து மறைத்தால், திறக்காமல் வெளியிலிருந்து விரலால் சுண்டிவிட்டாலே துளிகள் இறங்கிவிடும்.

8. மண்ணின் மூச்சு

ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலக்கி, மூடி, ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலுள்ள தெளிந்த நீரைக் கலங்காமல் இறுத்துக்கொள்ளுங்கள்; அதுதான் சுண்ணாம்பு நீர். இதை ஆசிரியரே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரிக்கும். நாட்பட்ட சுண்ணாம்பு நீர் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்கெனவே பிடித்து வலுவிழந்திருக்கும் என்பதால், முந்தைய நாள் செய்ததையே பயன்படுத்துங்கள்.

ஈர மண் 400 கிராம் எடுத்து, வேர்களையும் புழுக்களையும் நீக்கிவிடுங்கள். அவையும் மூச்சுவிடுபவை, இருந்தால் கணக்கு கெடும். மண்ணில் பாதியை மூடிய பாத்திரத்திலிட்டுப் பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். முதல் குடுவையில் வேகாத மண், இரண்டாவதில் வெந்த மண், மூன்றாவதில் எதுவுமில்லை. மூன்றிலும் 20 மில்லிலிட்டர் சுண்ணாம்பு நீருள்ள சிறு கிண்ணத்தை வைத்து இறுக மூடுங்கள்.

24 மணி நேரத்தில் வேகாத மண் இருக்கும் குடுவையில், நுண்ணுயிர்கள் மூச்சாக வெளிவிடும் கார்பன் டைஆக்சைடால் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுத்து, மேலே ஏடு படிந்திருக்கும். வெற்றுக் குடுவையிலும் மெல்லிய படலம் தெரியும். உள்ளே அடைபட்ட காற்றிலேயே சிறிதளவு கார்பன் டைஆக்சைடு உண்டு. அந்தக் குடுவை இல்லாமல் செய்தவர்கள், வெந்த மண் குடுவையிலுள்ள சுண்ணாம்பு நீரின்மேல் அதே மெல்லிய படலத்தைக் கண்டு "உயிர் சாகவில்லை" என்று முடிவு கட்டுவார்கள்.

மறுநாளே பார்த்து முடித்துவிடுங்கள். வெந்த மண்ணில் தப்பிய வித்துகளும் புதிதாக விழுந்தவையும், இறந்த நுண்ணுயிர்களையே உணவாக்கிக்கொண்டு சில நாட்களில் பெருகிவிடும். ஒரு வாரம் விட்டால் வேறுபாடு மங்கிவிடும்.

9. பதிவேடு

ஒவ்வொரு பதிவிலும் நாள், மணி, வெப்பநிலை, கண்டது, ஊகம் என்று ஐந்து கட்டங்கள் போதும். கண்டதும் ஊகமும் தனித்தனிக் கட்டத்தில் இருப்பது முக்கியம். "வெள்ளை இழை 6 கட்டங்கள்" என்பது கண்டது. "ஈரம் போதும்போல" என்பது ஊகம். நிழற்படம் எடுப்பதானால் அதே தூரத்தில், அதே விளக்கில், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

10. எதிர்பாராதது நடந்தால்

10 நாளாகியும் ரொட்டியில் பூஞ்சை வராவிட்டால், பூஞ்சைத் தடுப்புப் பொருளோ குறைந்த ஈரமோ காரணமாக இருக்கும். சோதனையைக் கலைக்க வேண்டாம். இன்னும் ஐந்து நாட்கள் விட்டுப் பாருங்கள்.

புதைத்த சட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், நீர் தேங்கிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது. காற்றில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகம் சேர்ந்த வாயுவை வெளியிடுகின்றன. சட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே மண்ணைக் கிளறுவதால் பயனில்லை.

11. அப்புறப்படுத்துதல்

பூஞ்சைப் பைகளைத் திறக்காமலேயே இன்னொரு பைக்குள் இட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பையை மிச்சப்படுத்த நினைத்து ரொட்டியைத் தனியே கொட்ட வேண்டாம். ஈஸ்ட் பைகளையும் அவ்வாறே செய்யலாம். சுண்ணாம்பு நீரை நிறைய நீரோடு கலந்து கழிவுத்தொட்டியில் ஊற்றலாம். மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டுங்கள். அதற்கு முன் வலைப்பைகளையும் பாலித்தீன், அலுமினியத் துண்டுகளையும் பதிவேட்டை வைத்து எண்ணிச் சரிபாருங்கள். கலப்புத் துணியின் பாலியெஸ்டர் இழை மண்ணின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் என்பதால், எண்ணிக்கை குறைந்தால் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.